திறப்பு முதலாளியின் இடுப்பில் இருந்தது

எங்கள் கட்டிடம் எரிந்தபோது குண்டு வெடித்துவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது. குண்டில்லை என்று தெரிந்ததும், "சும்மா நெருப்புத்தானாம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் கலைந்து போனார்கள். அந்தச் 'சும்மா'வை இத்தனை வருடம் கழித்தும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நெருப்பில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

கட்டிடம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் கந்தோரில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தேன். சண்டைக் காலம். கந்தோர் மேல்மாடியில். பக்கத்து அறையில் கிண்ணியாவைச் சேர்ந்த றஹீமாவின் தையல் கடை. அவரோடு சில பெண்கள் பாடசாலைச் சீருடை தைத்தார்கள். கீழே பெயின்றும் இரும்புச் சாமானும் விற்கும் கடை. கடைக்காரரே கட்டிடத்துக்கும் சொந்தக்காரர். எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிடுவோம்.

மேலே ஏற முன்பக்கம் ஒரு மரப்படி. பின்முற்றத்துக்கு இறங்க இன்னொரு படி. பின்படிக் கதவின் உட்பக்கத்தில் எப்போதும் ஆமைப்பூட்டுத் தொங்கும்; அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, முதலாளியிடம்.

கரண்ட் அடிக்கடி நின்றுவிடும். வெளியில் வைத்தால் களவு போகும் என்று முதலாளி ஜெனரேற்றரை முன்படிக்கு அடியில் வைத்திருந்தார். பெற்றோல் கான்களும் அங்கேதான். தீயணைக்கும் சிலிண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சிலிண்டர் அவருடைய லொறிக்குப் போய்விட்டது. சிவப்பு வாளிகளின் மணலைச் சீமெந்து குழைக்க எடுத்துவிட்டார்கள். அடியில் மிஞ்சியதில் வெற்றிலைத் துப்பல்.

ஒருநாள் கேட்டேன். "முதலாளி, அந்தப் பின்கதவுத் திறப்பை மேலே ஒரு ஆணியிலை கொழுவி விடுங்கோவன்."

"பிள்ளை, உமக்கு விளங்காது. ஆமி செக் பண்ண வரேக்கை ஆராவது அந்தப் பக்கத்தாலை ஓடினா, பிடிச்சுக்கொண்டு போறது என்னையோ உம்மையோ?"

"நெருப்புப் பிடிச்சா நாங்கள் எதாலை ஓடுறது?"

அவர் சிரித்தார். "ஊரே எரியுது. இவவுக்கு என்ரை கட்டிடத்திலைதான் பயம்."

மேனேஜரிடம் முறையிட்டேன். "நாங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள். வீண் கதை கதையாதையும்" என்றார்.

நெருப்பு

அன்று முற்பகல் கரண்ட் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேற்றர் எண்ணெய் முடிந்து நின்றது. கடைப் பையன்கள் அது ஆறுவதற்குள் பெற்றோல் ஊற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு 'டப்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஷெல் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் எல்லோரும் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டோம்.

முதலில் எழும்பியவர் எங்கள் கந்தோர் பியோன் தங்கராசா அண்ணை. கிளிவெட்டியில் வயலை விட்டுவிட்டு, மனைவியோடு இடம்பெயர்ந்து வந்தவர்.

"இது ஷெல் இல்லை மிஸ். பெற்றோல் மணக்குது. எழும்புங்கோ!"

முன்படியால் கரும்புகை ஏறி வந்தது. பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு. தங்கராசா அண்ணை துவாயைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டினார்.

"நீங்கள் இதிலையே நில்லுங்கோ. நான் முதலாளியிட்டைத் திறப்பை வாங்கிக்கொண்டு வாறன்."

"வேண்டாம் அண்ணை!" என்று நான் கத்தியபோது அவர் புகைக்குள் இறங்கிவிட்டார்.

கம்பி போட்ட முன்ஜன்னலுக்கு ஓடினேன். முதலாளி வீதியில் நின்றார். திறப்புக்கோர்வை அவர் இடுப்பில் தொங்கியது மேலேயிருந்தே தெரிந்தது.

"முதலாளி! பின்கதவுத் திறப்பு!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொறும், பொறும்" என்று கையைக் காட்டினார். பிறகு திரும்பி, "டேய், அந்த வயர் சுருளை முதல்லை எடுங்கோடா!" என்றார்.

"மிஸ், ஜன்னலை விடுங்க. அவர் வரமாட்டார். இஞ்ச வந்து கதவைப் பிடிங்க!" றஹீமாவின் கையில் கரி போட்டுத் தேய்க்கும் பெரிய இஸ்திரிப்பெட்டி இருந்தது. ஓங்கி ஓங்கி அடித்தார். இருமி இருமி நாங்களும் மாறி மாறி அடித்தோம். உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த கொண்டி பிய்ந்தது.

கதவு திறந்தபோதுதான் மற்ற விஷயம் தெரிந்தது. பின்படி முழுக்கப் பெயின்ற் தகரங்கள். எங்கள் வழியை முதலாளி களஞ்சியமாக்கியிருந்தார். தகரங்களை உதைத்து உருட்டிக்கொண்டு இறங்கினோம். ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது.

முற்றத்தில் ஆளையாள் தேடினோம். தங்கராசா அண்ணை இல்லை.

குண்டு இல்லை என்று நிச்சயமாகும்வரை தண்ணீர் வண்டியை ஆமிக்காரர் வீதித் தடையில் மறித்து வைத்திருந்தார்கள். அது வந்து நெருப்பு அடங்கியபின், பாதிப்படியில் அவரைக் கண்டெடுத்தார்கள். துவாய் முகத்தில் அப்படியே கட்டியிருந்தது.

செத்த வீடு

முதலாளி வந்தார். கதிரையில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஆர் அவரைக் கீழை இறங்கச் சொன்னது? மேலை நிண்டிருந்தாத் தப்பியிருப்பார்."

மேனேஜர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். உதறினேன்.

"உங்கடை இடுப்பிலை கிடந்த திறப்பை வாங்கத்தான் இறங்கினவர். நீங்கள் வயரை எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அண்ணையின் மனைவி தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்தார். "ஷெல்லுக்குள்ளாலை என்னை இழுத்துக்கொண்டு வந்த மனுசன்" என்றார். முதலாளி எழும்பிப் போனார்.

விசாரணையில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். சூடுபட்டுச் செத்தால் ஆர் சுட்டது என்று ஊர் கேட்கும். பூட்டால் செத்தவருக்காக ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

புதுக் கதவு

திருத்த வேலை முடிந்து எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மேலே ஏறிப் பின்கதவைப் போய்ப் பார்த்தேன். புதுக் கதவு. புதுப் பூட்டு. முந்தியதைவிடப் பெரியது!

நான் உடனே வீதிக்கு இறங்கிவிட்டேன். றஹீமாவும் தன்னோடு தைக்கும் பெண்களோடு வீதியில் நின்றுவிட்டார். "வேலை வேணுமோ வேண்டாமோ?" என்று மேனேஜர் கத்தினார். முதலாளி பழைய கதையையே சொன்னார்: செக் பண்ண வருவார்கள், தன்னைப் பிடிப்பார்கள்.

"வாறவனுக்கு நாங்க பதில் சொல்றோம். நீங்க பூட்டைக் கழட்டுங்க" என்றார் றஹீமா. "இல்லாட்டி ரெண்டு அறையையும் நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

வெயில் ஏறியது. போகிற வருகிற ஆட்கள் நின்று விசாரிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் முதலாளி ஆளை அனுப்பிப் பூட்டைக் கழற்றி, உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டார். ஜெனரேற்றரும் முற்றத்துக்குப் போனது.

சில கிழமைகளில் ஆமியின் சுற்றிவளைப்புச் சோதனை வந்தது. ஒரு படைவீரன் எங்கள் கந்தோருக்குள் நுழைந்து நேரே பின்கதவுக்குப் போனான். தாழ்ப்பாளை இழுத்தான். படியை எட்டிப் பார்த்தான். திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

என் கதிரையிலேயே இருந்து அழுதேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். இதற்காகவா அந்த மனுசன் செத்தார்?

இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பலர் கூடி வேலை செய்யும் கட்டிடம் என்றால், உங்கள் மேசையைத் தேடுமுன் மற்ற வழியைத் தேடுங்கள். உங்கள் கையாலேயே கதவைத் திறந்து, வெளியே இறங்கிப் பாருங்கள். திறப்பு இன்னொருவரிடம் இருக்கிறது என்றால், அந்தக் கதவு இல்லை என்றே அர்த்தம். சத்தம் போடுங்கள். தனியே போடாதீர்கள், பக்கத்து அறைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்காரி என்பார்கள். சொல்லட்டும். ஒருவர் சாகுமுன் அந்தப் பெயரை எடுக்காமல் போனேனே என்றுதான் எனக்கு இன்றைக்கும் மனம் எரிகிறது.