காற்று எழும்பினால்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சா பகுதியில், நான் சினியோரா என்று கூப்பிட்ட ஓர் அம்மாவின் வீட்டில் சமையல் வேலை செய்தேன். வரவேற்பறைச் சுவரில் வட்டக் கண்களோடு ஓர் ஆப்பிரிக்க மரமுகமூடி தொங்கியது. தூசி துடைப்பதைத் தவிர எனக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒருநாள் வெள்ளையடிக்க ஐவரி கோஸ்ட்காரர் ஒருவர் வந்தார். அங்குள்ள டான் என்ற இனத்தவர். வெளியே சிரோக்கோ வெக்கைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முகமூடியைக் கழற்றியவர், அதன் கண்களைப் பார்த்ததும் இத்தாலியனில் கேட்டார்:

"அடுப்பை நூத்தாச்சோ?"

"இல்லை, பருப்பு வேகுது. ஏன்?"

"இவர் எங்கட ஊரிலை நெருப்புக் காவல். காத்து எழும்பினால் ஒராளின்ரை முகத்திலை ஏறி வீடு வீடாய் ஓடி வருவார். அடுப்பு எரிஞ்சால் பானையை உதைச்சுப்போட்டுப் போவார்."

சிரித்துக்கொண்டே குசினிக்குப் போனேன். யன்னல் திரைச்சீலை காற்றில் பறந்து அடுப்பில் பட்டு, ஓரம் பற்றியிருந்தது. தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

வெள்ளையடித்து முடிந்ததும் முகமூடியைக் குசினி வாசலுக்கு மேலே மாட்டினேன்.

"அழகுக்கு வாங்கினதை ஏன் இங்கை கொண்டுவந்தாய்?" என்றார் சினியோரா.

"அவருக்கு இஞ்சைதான் வேலை, சினியோரா."

மறுநாள் நெருப்புக் காவலர் மறுபடியும் வரவேற்பறைச் சுவரில் இருந்தார், வேலையில்லாமல். நான் அதன் பிறகு எத்தனையோ வீடுகள் மாறிவிட்டேன். காற்று எழும்பும் நாட்களில் அவருடைய வேலையையும் நான்தான் பார்க்கிறேன்.