பச்சைக் கடலில் அப்பாவின் கப்பல்

மண்ணெண்ணெய்ப் புகையும் வனிலா வாசமும் கலந்த ஒரு மணம் உண்டு. இன்று எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. வாங்கத்தான் யார் ஆசைப்படுவார்கள்? கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில் யேசு பிறந்த நத்தாருக்கு முந்திய வாரம் முழுக்க அந்த மணம்தான். அடுப்பின்மேல் ஏற்றிய தகரப் "போறணை"யில் அம்மா விசுக்கோத்துச் சுடுவார். சுடுவதற்கு முன், கோப்பை விளிம்பால் வட்டமாக வெட்டிய மாவின்மேல் படம் கீறுவது பிள்ளைகளின் வேலை. முட்டையின் மஞ்சள் கருவைச் சின்னத் தட்டுகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் "கலரிங்" சொட்டு விட்டு, தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றித் தூரிகையாக்கிக்கொள்வோம்.

வீட்டில் ஆளுக்கொரு படம். அம்மாவுக்கு ரோசாப்பூ, எனக்கு நட்சத்திரம், தம்பி ஜூட்டுக்குப் பட்டம், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய அப்பாவுக்குக் கப்பல். மற்றதெல்லாம் அயல் வீடுகளுக்குத் தட்டில் போகும். மஞ்சள் கருவில் நீலத்தை விட்டால் பச்சையாகிவிடும் என்ற புத்தி எங்களுக்கு வரவேயில்லை. வருஷாவருஷம் நீலம் என்று நம்பியே கலந்தோம். வருஷாவருஷம் அப்பாவின் கப்பல் பச்சைக் கடலில்தான் ஓடியது. "என்ட கப்பலைப் பாசி பிடிச்ச குளத்தில விட்டிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, தூள்கூட மிச்சம் வைக்காமல் தின்பார்.

எனக்குப் பத்து வயதில், மாரி தொடங்கிய நேரம், நெஞ்சு நோகுது என்று படுத்த அப்பா எழும்பவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடுவதில்லை. அயலார்தான் கொண்டுவந்து தர வேண்டும். எங்கள் தெருவில் எந்த மதத்தாருக்கும் அது தெரியும். அம்மா போறணையைக் கழுவி அலுமாரிக்கு மேல் கவிழ்த்துவிட்டார். அப்பா திரும்பி வரமாட்டார் என்பதைச் சின்னவனான ஜூட்டுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. போறணையை ஏன் இன்னும் இறக்கவில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

நத்தாருக்கு முதல்நாள் பக்கத்து வீட்டு ஃபரீதா ஆன்டி, வெட்டி அடுக்கிய சுடாத மாவுத் தட்டோடும் கலந்த கலரிங்கோடும் வந்து நின்றார். அம்மா வாசலிலேயே மறித்தார்.

"வேணாம் ஃபரீதா. இந்த வருஷம் எங்கட வீட்டில ஒண்டும் சுடேலாது."

"உங்களச் சுடச் சொல்லி ஆரு கேட்ட? போறண எங்கட ஊட்டுல இருக்கு. புள்ளைகள் பூசித் தரட்டும், நான் கொண்டுபோய்ச் சுட்டுத் தாரன்."

அம்மா வழிவிட்டார்.

நாங்கள் கீறினோம். பட்டத்தை முடித்த ஜூட், பழக்கத்தில் இன்னொன்றை இழுத்து வைத்துக் கப்பல் கீறினான். புகைக்கூண்டு, கொடி, கீழே அதே பச்சைக் கடல். நான் கண்டேன். ஃபரீதா ஆன்டியும் கண்டார். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் வெள்ளைத் துணி மூடி எல்லாம் திரும்பி வந்தது. கப்பலும் வந்தது, பதமாக வெந்து. தட்டைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம்.

"அது அப்பாட. ஒருத்தரும் தொடக் கூடாது" என்றான் ஜூட்.

அம்மா அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சுவரைப் பார்த்து நின்று முழுவதையும் தின்றார். ஜூட் சீலையைப் பிடித்து இழுத்து, "எனக்கும் ஒரு துண்டு தாங்க" என்று அழுதான். கொடுக்கவில்லை. எங்களுக்குத் தராமல் அம்மா ஏதாவது தின்றதை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பிள்ளைக்கு ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எத்தனையோ வருஷம் அம்மாமேல் எனக்குக் கோபம் இருந்தது.

இந்த ஆவணியில் அம்மாவும் போய்விட்டார். வெள்ளவத்தை மாடிவீட்டில் எங்களோடுதான் இருந்தார். கண் மங்கிய பிறகும் என் மகளோடு இருந்து விசுக்கோத்துக்குப் பூச்சுப் பூசியவர். இந்த நத்தாருக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. தட்டும் ஒன்றும் வரவில்லை. லிஃப்டில் கண்டவர்கள் சிரித்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? எங்கள் வீட்டில் சாவு நடந்தது என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஃபரீதா ஆன்டி மாளிகாவத்தைக்குப் போய், அங்கேயே மௌத்தாகி அடக்கமான செய்திகூட எனக்குப் பிந்தித்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் அந்த இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் இப்போது ஒரே சரக்குக் கிட்டங்கி.

மகள்தான் கடையில் வெறும் விசுக்கோத்தும், தின்னக்கூடிய பூச்சுக் குப்பிகளும் வாங்கிவந்தாள். "சுடத்தானே கூடாது அம்மா?" என்றாள். நீலம் இப்போது நீலமாகவே இருக்கிறது. கீறி முடித்துத் தட்டை என் பக்கம் தள்ளினாள். ஓரத்தில் ஒரு ரோசாப்பூ.

"அம்மம்மாட" என்றாள்.

அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மகள் பின்னாலேயே வந்து ஒரு துண்டு கேட்டாள். நான் கொடுக்கவில்லை.