வேர் விடாத வெங்காயம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மாமா வந்து சேர்ந்த கிழமை, அக்கா வெங்காயங்களுக்கு நஞ்சு பருக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. வவுனியாவுக்கு அப்பால் நெல்லும் வெங்காயமும் செய்கிறவர். முகம் வெளுத்து, நாலு படி ஏறவே மூச்சு வாங்கி, ஈறில் இரத்தம் கசியக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருந்தார். ஊரைவிட்டு வெளிக்கிட ஆமியிடம் பாஸ் எடுக்க இரண்டு கிழமை அலைந்தாராம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும் என்பதால் வந்த மறுநாள் அப்பா அவரைக் கூட்டிப்போனார். வந்த காரணம் வைத்தியம் என்று சொன்னதை அங்கிருந்தவர் நம்பவில்லை. மாமா வாயைத் திறந்து ஈறைக் காட்டியபிறகுதான் பதிந்தார்கள். மாமா அதை நடித்துக் காட்டினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்கா கம்பஸில், பல்கலைக்கழகத்தில், விஞ்ஞானம் படித்தாள். புல்லைக் கொல்லும் மருந்து கலப்பிரிவை, உயிரணுக்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதை, என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆய்வு. ஜன்னல் விளிம்பில் ஆறு ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்ன வெங்காயம், அடி மட்டும் நீரில் படும்படி. முதல் போத்தலில் வெறும் தண்ணீர். அடுத்தவற்றில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போய், ஆறாவதில் மிகக் கடுமை. தொடாதே என்று அவள் எழுதி ஒட்டியிருந்த கடதாசி எனக்காகத்தான். அந்த மருந்தைக் கொண்டுவந்த நாளில் காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஓர் ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் துவக்கை நிமிர்த்தினானாம். விரிவுரையாளரின் கடிதத்தைக் காட்டி, வெங்காயத்துக்குத்தான் என்று சிங்களத்தில் அவள் விளக்கியதும், பைத்தியம் என்று முடிவு செய்து விட்டுவிட்டான்.

மாமாவுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. ஜன்னலடிக்கு வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

“உது புல்லு மருந்தெல்லோ?”

“ஓம் மாமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பன்ரண்டு வருசமா முதுகில மருந்து டாங்கியைக் கொழுவிக்கொண்டு அடிக்கிறன். ஒழுகி முதுகெல்லாம் நனையும். தடி கிடைக்காட்டிக் கையாலயே கலக்கிறது.”

“கையுறை போடுறேல்லையோ?”

“கையுறையோ? சேத்துக்குள்ள செருப்பே போடுறேல்லை, பிள்ளை.” மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மூன்று நாளில் முதல் போத்தலில் வெங்காயம் வெள்ளைத் தாடி வளர்த்துவிட்டது. ஆறாவதில் மூன்று நாலு கபில நிறக் குச்சிகள் எட்டிப்பார்த்ததோடு சரி. அக்கா வேர் நுனிகளை வெட்டிக் கம்பஸுக்குக் கொண்டுபோய், சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கொப்பியில் வரைந்துகொண்டு வந்தாள். நல்ல வேரின் கலங்களில் நிறமூர்த்தங்கள், குரோமோசோம்கள், இரண்டு அணியாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. நஞ்சு வேரில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் நடுவில் நின்றன. மாமா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எங்கட உடம்புக்குள்ளயும் உப்பிடித்தானோ பிரியிறது?”

“ஓம் மாமா. தோல், குடல், இரத்தம்...” அக்கா பாதியில் நிறுத்தினாள். “ஆனா வெங்காயம் வேற, மனுசர் வேற” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மாமாவின் இடுப்பெலும்பில் ஊசி குத்தி உள்ளே இருக்கும் மச்சையைக் கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்தார்கள். அதற்கடுத்த நாள், அக்கா கம்பஸுக்குப் போனபிறகு, அவர் நொண்டிக்கொண்டு ஜன்னலடிக்கு வந்து ஆறாவது வெங்காயத்தை எடுத்தார். குழாயில் நன்றாகக் கழுவி, புதுப் போத்தலில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் வைத்தார். “அக்கா ஏசுவா” என்றேன். அவர் போத்தலை வெயில் படும் பக்கம் திருப்பினார்.

பின்னேரம் அக்கா வந்து பார்த்துவிட்டு நேரே என் காதைப் பிடித்தாள்.

“அவளை விடு பிள்ளை. நான்தான் மாத்தினனான். நல்ல தண்ணி குடுத்தா எழும்புதோ எண்டு பாப்பம்” என்றார் மாமா.

அக்காவின் கை என் காதிலிருந்து நழுவியது. இத்தனை நாள் உழைப்பைக் குழப்பியவரை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. “பாப்பம் மாமா” என்றாள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. நான் செய்திருந்தால் காது மிஞ்சியிராது.

அன்றிலிருந்து மாமா விடிந்ததும் பல் துலக்க முன்னமே போத்தலைப் பார்க்கப் போவார். நான் பின்னால் போவேன். குச்சிகள் அப்படியே கிடந்தன. பிறகு கருத்து மெதுமெதுத்துப் போயின.

பரிசோதனை முடிவை எடுக்க அம்மாவும் அக்காவும் போன நாளில், இருவரும் வெகுநேரம் கழித்து வந்தார்கள். அம்மா நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இரத்தம் ஊறுகிற இடத்திலேயே பழுதாம் என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. புல்லு மருந்தால்தான் வந்தது என்று டொக்டர் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லையாம்.

மாமா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். முடிவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, உந்த ஆறாவது எப்பிடி? எழும்புமோ?”

அக்கா ஜன்னலடிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: “ஓம் மாமா. வெள்ளையா ஒரு வேர் வெளிக்கிடுது. எழும்பும்.”

பொய் சொன்னதற்காக என்னை இரண்டு முறை அடித்த அக்கா! எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அக்கா பொய் சொல்லுறா, மாமா. இஞ்ச பாருங்கோ, ஒரு வேரும் இல்லை. இது அழுகிப்போச்சு.”

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாமா போத்தலை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

“கமக்காரனுக்கு வெங்காயம் அழுகினது மணத்திலயே தெரியும், பிள்ளை. நீ சொன்னது சரிதான்” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “நீ ஏன் அழுறாய்? இஞ்ச வா” என்றார்.

அக்கா வந்து அவர் காலடியில் நிலத்தில் இருந்தாள். அவளுடைய தலையை அவர் தடவிக்கொண்டே இருந்தார், ஏதோ அவளுக்குத்தான் நோய் வந்தது போல. மாதக் கடைசியில் ஊருக்குப் போன மாமா பிறகு கொழும்புக்கு வரவில்லை. அந்த வருசம் மாரி தொடங்க முன்னமே செய்தி வந்தது.

போத்தலைக் காட்டிய அன்று எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான். பொய் சொன்னவளுக்குத் தலைதடவல். உண்மை சொன்ன என்னை ஒருவரும் அடிக்கவுமில்லை, மெச்சவுமில்லை. அப்பாவிடம் போய் முறையிட்டேன். அவர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை, நான் அழவேயில்லையே.