மரங்களுக்கு லீவு கொடுத்த மச்சான்

விலைவீழ்ச்சியால் பால் வெட்டாமல் விடப்பட்ட ரப்பர் தோட்டங்களை, உடைமையாளர் மனுச் செய்தால், அதிகாரி நேரில் பார்த்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும். ரப்பர் கட்டுப்பாட்டுக் காலத்து விதி அது. ‘வேண்டும்’ என்று இருந்தது. எப்போது என்று இல்லை. அதை நினைத்தால், என் அக்காள் வீட்டுக் கதவுநிலையில் தொங்கிய பால்வெட்டும் கத்திதான் கண்முன் வருகிறது.

அக்காளின் கணவரை மச்சான் என்பேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தோட்டத்தில் கங்காணியாக இருந்து சேர்த்ததையெல்லாம் ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அருகே சிறு ரப்பர் நிலத்தில் போட்டவர். வாங்கிய மறுவருடமே விலை படுத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் நட்டத்தை ஈடுகட்ட இரட்டிப்பாகப் பால் எடுத்தார்கள். மச்சான் கத்தியைக் கழுவித் தொங்கவிட்டார்.

“வெல இல்லாத நேரத்துல எடுத்தா மரத்துக்கும் நட்டம், நமக்கும் நட்டம். கொஞ்ச நாளு லீவு குடுப்போம்லா” என்றார். ஈப்போவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த எனக்கு அது நல்ல பொருளாதாரமாகவே பட்டது. இன்றும் படுகிறது.

பிறகு அரசாங்கமும் அதே முடிவுக்கு வந்து கட்டுப்பாடு போட்டது: எல்லோரும் உற்பத்தியைக் குறைக்க வேண்டும், கூப்பன் இருந்தால்தான் ரப்பரை விற்கலாம். ஆனால் கூப்பனை அளந்தது, அதற்கு முன் அவரவர் எடுத்த பாலை வைத்து. அள்ளி வெட்டியவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. அரசாங்கம் சொல்வதற்கு முன்பே அதைச் செய்து முடித்தவருக்கு ஒன்றுமில்லை. விதியைக் காட்டி மனு எழுதினேன். கவனிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். மீண்டும் கவனித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போவேன். காய் முற்றும் காலத்தில் அந்தத் தோப்பு ஏதோ உறக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். காய்கள் வெடித்து விதைகள் சருகில் விழும் ஓசை மட்டும் கேட்கும். கத்தி மறந்துபோன பட்டைகளில் பாசி படர்ந்திருந்தது. மச்சான் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக்கொண்டே நடப்பார். அதற்குள் விலை ஏறி, பக்கத்து வீடுகளுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது. கடலுக்கு அப்பால் சுமத்திராவில் இந்தச் சட்டமே இல்லை. அங்கே புதிதாக மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே கட்டிய அணை அங்கே பாசனமாயிற்று என்பதே இன்றுவரை என் கருத்து.

ரப்பர் வாங்கும் சீனத் தவுக்கே கடையில் கூப்பன் கேட்காமல் வாங்குகிறார்களாம் என்று அக்காள் சொல்லிப் பார்த்தாள். திருட்டுப் பாலுக்கா மரம் வாங்கினேன் என்று மச்சான் கேட்டார்.

“மரத்தப் பாத்துக்கிட்டே எத்தன நாளு பசியாறுறது? என் தம்பி எழுதுற மனுவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வறுத்துத் தரட்டுமா?” என்றாள் அக்காள்.

மச்சான் சிரித்தார். ஆனால் அந்த வருடமே நிலத்தை விற்றுவிட்டு ஈயச் சுரங்கத்தில் காவல் வேலைக்குப் போனார். கத்தியை மட்டும் விற்கவில்லை.

இப்போது அது என் மேசையில், ஓய்வூதியத் தாள்கள் பறக்காமல் பாரமாக இருக்கிறது. துரு ஏறிவிட்டது. அதைப் பார்க்கும்போது நிலம் கைமாறிய பிறகு வந்த கடைசிப் பதிலை மச்சானுக்கு நான் படித்துக்காட்டிய மாலை திரும்பி வருகிறது. மனு ஏற்கப்பட்டது, மரங்களைப் பார்க்க அதிகாரி வருவார் என்று எழுதியிருந்தார்கள். கட்டுப்பாடே முந்தின நாள்தான் நீங்கியிருந்தது. மச்சான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “அப்ப நாம செஞ்சது சரிதானே மச்சான்?” என்று கேட்டார்.

சரிதான் என்றேன். கத்தியை எடுத்துத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார். அன்று வெள்ளிக்கிழமை, 1928 நவம்பர் இரண்டாம் தேதி.