பூஜ்யம் சொன்னவருக்குச் சபாஷ்

வாகன உரிம அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே வேலை, அதே நாற்காலி. அலுவலகத்தில் 'காவக்காரம்மா' என்றால்தான் தெரியும். யார் எப்போது உள்ளே வந்தார் என்று மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவை வரி வரியாகப் படிப்பாள். இந்தத் தொழிலில் கைவேலைக்கு ஒரு பரீட்சை, ஆளை மேய்ப்பதற்கு ஒரு பரீட்சை. அவள் கைவேலைப் பரீட்சை மூன்று எழுதித் தேறியவள். சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்ததில் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோன நாளும் உண்டு.

அவள் தங்கை புருஷனுக்குக் கிளை அலுவலகத்தில் அதே வேலை. தேறியது மேய்க்கிற பரீட்சை, ஒன்றே ஒன்று. அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பதிவைத் திறந்து பார்ப்பதெல்லாம் அவர் தகுதிக்குக் குறைவு. பாதுகாப்பு விதி எழுதுவார். எழுதியதற்கு அட்டை போடுவார். அட்டைக்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போடுவார்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு மனு போட்டது இவர்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு அது வேண்டும். தலைவரானால் ஓட்டை விழுந்த பழைய மெஷின்களைத் தூக்கியெறிய அவளே உத்தரவு போடலாம். இத்தனை வருஷம் கெஞ்சிக் கெஞ்சி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"என் சகலைக்கு வாய்தான் மூலதனம். நீயும் நாலு வார்த்தை கூடப் பேசிட்டு வா," என்றார் அவள் வீட்டுக்காரர்.

"கடவுளுக்குப் பயந்து உண்மையைச் சொல்றேன், அது போதாதா?"

போதவில்லை. தேர்வுக் குழுவில் மேல்மாடியில் உட்காரும் மூன்று பெரியவர்கள். கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் இடத்தில் எத்தனை முறை திருடன் நுழைந்தான் என்று கேட்டார்கள்.

"நாலு தடவை சார். நாலையும் கண்டுபிடிச்சு வெளியே தள்ளிட்டேன்."

"நாலா!" நடுவில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார், என்னவோ அவளே வழிகாட்டி அழைத்து வந்த மாதிரி.

அடுத்துத் தங்கை புருஷன் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நின்றவள் காதில் விழுந்தது.

"பூஜ்யம் சார்."

"சபாஷ்!"

பார்க்கவே பார்க்காத இடத்தில் திருடன் எப்படித் தெரிவான்? இதைக் கேட்க அந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பாவம், அவர்களும் மேய்க்கிற பரீட்சை எழுதி வந்தவர்கள். வேலை அவருக்குப் போயிற்று.

முதல் நாளே அவளைக் கூப்பிட்டார். "அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வயரோட மல்லுக்கட்டுவீங்க? மேலாண்மைப் பரீட்சை எழுதுங்க. அடுத்து நீங்கதான்."

"அதுல என்ன தம்பி சொல்லித் தர்றாங்க?"

"எந்தப் பிரச்சனையை யார் தலையில வைக்கணும்னு."

"அதான் உங்களுக்கு அவ்வளவு அழகா வருது. எனக்கு இன்னொரு கைவேலைப் பரீட்சையே போதும். உங்க பழைய கிளையும் இனி நம்ம பிரிவுதானே? அதோட பதிவைப் பார்க்க அனுமதி குடுங்க."

அவள் நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஏழு மாசமாக அங்கே எவனோ சொந்த வீடு மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். வழியை அடைத்து அவனை விரட்டிவிட்டு அறிக்கை எழுதினாள். பெறுநர், பிரிவுத் தலைவர். நகல், தேர்வுக் குழுவினர் மூவர்.

புதுத் தலைவர் இந்தத் தாளை மட்டும் முழுக்கப் படித்தார். "அக்கா, திருட்டுன்னு போடாம, 'கவனிக்கத்தக்கது'ன்னு போடலாமே?"

"உங்க நகல்ல போட்டுக்கங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.