நூற்றைந்து பாகையில் உலர்ந்த பளிங்கு

கண்டியில் ஈரம் ஒரு குற்றம். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் தொங்கியும் காய்வதில்லை. அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். உப்புப் போத்தல் கட்டிபட்டுப் போகும். ஆகையால் இங்கே எதையேனும் முழுமையாக உலர்த்திக் காட்டியவர் தம்மைச் சற்று உயர்ந்தவராகக் கருதிக்கொள்வதில் நியாயம் உண்டு. என் தோழியின் ஆய்வுகூடம் அந்த உயர்வை விதியாகவே வைத்திருந்தது: வாசலைத் தாண்டி வரும் எந்தத் தூளும் முதலில் நூற்றைந்து பாகைச் சூட்டில், ஓவனுக்குள், ஓரிரவு கிடக்க வேண்டும். விதியை வகுத்தவர் அவளுடைய பேராசிரியர். ஏன் என்று கேட்டவர் எவருமில்லை.

கண்டிக்கு அருகே குண்டசாலையில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நான் பன்விலத் தோட்டத்திலிருந்து இலக்கியம் படிக்க வந்தவள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து இரசாயன ஆய்வுக்கு வந்தவள். அவளது ஆய்வேட்டுக்குத் தமிழிலும் ஒரு சுருக்கம் தேவைப்பட்டது. இரசாயனம் தெரியாத ஒருத்தி எழுதினால்தான் எல்லோருக்கும் விளங்கும் என்று பேராசிரியர் என்னைத் தெரிவு செய்தாராம். அது பாராட்டா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் ஆராய்ந்தது சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளையத்தை. மாப்பொருளிலிருந்து பெறப்படுவது. ஆறு, ஏழு, எட்டுக் குளுக்கோசு அலகுகள் கைகோத்தால் ஒழுங்கான சிறு வளையம். அவளுடையதோ பதினான்கு அலகுகள் கொண்ட பெரிய வளையம். அது தட்டையாக நிற்க மாட்டாமல் முறுக்கிக்கொண்டு குதிரைச் சேணம்போல் வளைந்துவிடும். இந்த வளைந்த மூலக்கூறுகளைப் பளிங்கில், அதாவது படிகத்தில், வரிசை குலையாமல் நிறுத்துவது, அவற்றின் உள்ளேயும் இடையிலும் அமர்ந்திருக்கும் நீர். முதல் அத்தியாயம் இதை அழகாகவே சொல்லிற்று. இரண்டாம் அத்தியாயம், மாதிரி நன்கு உலர்த்தப்பட்டது என்றது. மூன்றாம் அத்தியாயம், சூடேற்றியபோது அதே பளிங்கு எப்படி நடந்துகொண்டது என்று விரித்துரைத்தது.

மூன்று முறை படித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் அடக்கம் செய்யப்பட்டவள் மூன்றாம் அத்தியாயத்தில் தேர் பார்க்கப் போனால் எங்கள் இலக்கிய வகுப்பில் புள்ளியைக் குறைப்பார்கள்.

"தண்ணிதான் தாங்குதுன்னு நீயே எழுதியிருக்க. அந்தத் தண்ணிய எடுத்துட்டு எத அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"எடியே, காய வைக்காமல் ஆராவது நிறுப்பினமே?" அவள் சிரித்தாள். "கவிதையிலை பிழை பிடிச்சு அலுத்துப்போச்சோ உனக்கு?"

"சரி. காய வச்ச பிறகும் அது பளிங்காத்தான் இருந்துச்சா?"

சிரிப்பு நின்றது. கணினியில் இரண்டு படங்களைத் திறந்தாள். முதலாவது எக்ஸ்-கதிர்ப் படம்: பளிங்கானால் கூரிய முனைகள் எழ வேண்டிய இடத்தில் மொழுக்கென்று ஒரு மேடு. இயந்திரம் பழையது என்று பேராசிரியர் தீர்ப்பளித்திருந்தார். மற்றது, சூடு ஏற ஏற எடை குறைவதைக் காட்டும் கோடு: சர்க்கரை கருகத் தொடங்கும்வரை அசையாத நேர்கோடு. அதற்கு அவர் சூட்டிய பெயர் 'வியத்தகு வெப்ப உறுதி'. வெள்ளிக்கிழமை மாநாட்டில் அவரே அதைப் பற்றிப் பேச இருந்தார். குறை இயந்திரத்துக்கு, சிறப்பு பேராசிரியருக்கு. இந்தப் பங்கீட்டில் அங்கே ஒருபோதும் தகராறு வந்ததில்லை.

"உறுதியும் இல்லை, ஒண்டும் இல்லை," என்றாள் மெதுவாக. "போறதுக்கு அதுக்குள்ளை தண்ணியே இருக்கேலை."

"காய வைக்காதது மிச்சம் இருக்கா?"

"ஒரு குப்பி. வெளிநாட்டிலையிருந்து இன்னொண்டு வாறதெண்டால் ஒரு வருசம் செல்லும். அதுக்குள்ளை என்ர ஆய்வுக் காலம் முடிஞ்சிடும்." பிறகு துள்ளி எழுந்தாள். "ஐயோ, அதையும் காய வைக்கச் சொல்லிக் காலமை குடுத்திட்டு வந்தனான்."

ஓவனுக்குள் பொருள் வைக்கப்படுவது பிற்பகல் மூன்றரைக்கு. முச்சக்கர வண்டியில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு ஓடினோம். ஆய்வுகூட உதவியாளர் ஓவன் கதவைத் திறந்து, குப்பியைக் கையில் ஏந்தி நின்றார். ஹந்தானைக்காரர், விதி வழுவாதவர்.

"அண்ணே, வைக்காதீங்க!" கத்தியது நான்தான். அந்தக் கட்டடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை.

"என்னாங்க தங்கச்சி, ஈரத்தோட விட்டா சேர் என்னையத்தானே ஏசுவாரு?"

"இத மட்டும் காய வைக்கக் கூடாதுண்ணே."

"காய வைக்கக் கூடாத சாமானா? கண்டியிலயா?" என்று சிரித்தார். ஆயினும் குப்பியைத் தந்தார்.

மறுநாள் உலர்த்தாமலே அளந்தாள். அதே பழைய இயந்திரம் கூரிய முனைகளை வரிசையாகக் காட்டிற்று. சூடேற்றியபோது நூறு பாகைக்கு முன்பே கோடு சரிந்தது. நீர் போனபின் மறுபடி பார்த்தால் அந்த மொழுக்கு மேடு.

இரண்டு படங்களையும் ஏந்திக்கொண்டு பேராசிரியரிடம் போனாள். நான் கதவோரக் கதிரையில் அமர்ந்தேன்.

"அப்ப என்ர முறை பிழை எண்டு சொல்லுறீரோ?"

"முறை பிழையில்லை, சேர். இந்தப் பொருளுக்குத்தான் அது பொருந்தேலை."

அவர் தாள்களைப் புரட்டும் ஒலி கேட்டது.

"அந்த மேட்டைப் பார்த்தவுடனை எனக்கு ஒரு ஐமிச்சம் வந்ததுதான்," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அந்த ஐமிச்சத்தையே, தமக்கு முன்பே எழுந்த சந்தேகமாக, நாற்பது நிமிடம் பேசினார், கைதட்டல் கிடைத்தது. திங்களன்று என் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கும்படி சொல்லியனுப்பினார்: 'மேற்பார்வையாளரின் அறிவுறுத்தலுக்கிணங்க மாதிரி உலர்த்தப்படாமல் அளக்கப்பட்டது.'

"இது பொய்டி," என்றேன்.

"ஓம். எழுது. அந்தாள் ஆய்வேட்டிலை கையெழுத்து வைக்கோணும்."

எழுதினேன். அவர் அந்த வாக்கியத்தை இருமுறை வாசித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் நீட்டிய பேனாவை வாங்கி ஒப்பமிட்டார்.