ஒத்துப்போன பதில்கள்

பிலவேந்திரன் வீட்டில் நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே கேட்டால் நோய் நிலைத்துவிடும் என்று பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பாசம் பாதி, பயம் பாதி. கூட இருப்பவர்களிடம்தான் விசாரிப்பார்கள். பெங்களூரில் ஆய்வகத்தில் வேலை பார்த்த மூத்த மகள் கேத்தரினும் அப்படித்தான் விசாரித்தாள். சித்திரையில் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்ததிலிருந்து அம்மா மதலேனம்மாளைத் தனியாகவும், தம்பி ஆரோக்கிய பிரவீனைத் தனியாகவும் போனில் கூப்பிடுவாள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அவளுக்கு நிம்மதி.

அவள் வேலையும் ஏறக்குறைய அதுதான். மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயனிகளை மின்புலத்தால் அந்தரத்தில் வரிசையாக நிறுத்தி, லேசர் அடித்துக் கணக்குப் போட வைக்கும் குவாண்டம் கணினியில் அவளுக்கு வேலை. "அணுவைக் கட்டிப்போட்டு வேல வாங்குது எம்பொண்ணு" என்று தக்காளி மண்டியில் பிலவேந்திரன் பெருமையடித்துக்கொள்வார். அந்த அயனிகளில் உள்ள தகவலை நேராகப் பார்த்தால் கலைந்துபோகும். அதனால் ஒரே தகவலைப் பல அயனிகளில் பரப்பி வைத்து, பக்கத்தில் நிற்கும் உதவி அயனிகளிடம் ‘இவை ஒத்துப்போகின்றனவா’ என்று மட்டும் கேட்பார்கள். ஒன்று பிசகியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், திருத்திவிடலாம். பரப்பிய தகவலைக் கலைக்காமலே அதன்மேல் கணக்குச் செய்வதற்கு லாஜிக்கல் கேட் என்று பெயர்.

அந்த கேட்தான் அவளைப் படுத்தியெடுத்தது. சோதனையெல்லாம் சுத்தம் என்று வரும். கடைசி விடை மட்டும் தப்பாக இருக்கும். ஆவணியில் ஒரு காலை காரணம் பிடிபட்டது. கேட் நடக்கும்போது ஓர் அயனியின் பிழை அடுத்ததற்கும் தொற்றிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே பிசகுவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்தத் தொற்று தொடாத இன்னோர் அயனியைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். கேத்தரினுக்குக் கை எழவில்லை. "அப்பா மண்டிக்குப் போயிருக்காரு. நல்லாச் சாப்புடறாரு" என்று நேற்று அம்மா சொன்னாள். தம்பி சொன்னதும் அதுவேதான், வார்த்தை மாறாமல். வாரக்கணக்கில் அதையேதான் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா வழக்கமாகப் போகும் தக்காளி மண்டியின் ராஜப்பனுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவாம்மா? அவரு இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சே. நீ ஊருக்கு வரலையா?"

ராயக்கோட்டை வழி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. வீட்டில் அப்பா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். மகளைப் பார்த்ததும் மதலேனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருதான் சொல்ல வேணாம்னாரு கண்ணு. உன் வேல கெட்டுருமாம். நாந்தான் தம்பியவும் அப்படியே சொல்லச் சொன்னேன்."

கேத்தரினுக்குக் கோபம் பொங்கியது. அம்மாமேல் கொஞ்சம், தன்மேல்தான் அதிகம். ஒத்துப்போனதை நம்பிக்கொண்டு இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தாள்.

"ரொம்ப வலிக்குதுங்களாப்பா?"

மதலேனம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிலவேந்திரன் மகளையே பார்த்தார். சித்திரையிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

"வலிக்குது பாப்பா" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.